எட்டு நிமிஷத்தில் அக்கரை

உலகக் கப்பல் பயண வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு ஒரு நிமிஷம் எழுந்து நிற்க வேண்டும். 1964 ஜனவரியில், கடல் வாசனையே படாத செஞ்சியில், ஒரு மோட்டார் படகின் வேகம் அரசாங்க முறைப்படி அளக்கப்பட்டது. அளந்த இடம், சிங்கவரம் போகிற வழியில் உள்ள ஏரி. அளந்த கருவி, ஹைஸ்கூல் டிரில் மாஸ்டரின் ஸ்டாப் வாட்ச்.

படகு வந்த கதை சின்னது. ஒரு மழையில் ஏரி வழிந்து இரண்டு ஆடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. உடனே கடைத்தெருவில் வெள்ள மீட்புக் கமிட்டி ஒன்று முளைத்தது. தலைவர், மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்திருந்த பாண்டுரங்கன். அவருக்கு நீச்சல் தெரியாது, மனு எழுதத் தெரியும். ஒரு வருஷம் விடாமல் எழுதியதில், எந்தத் துறைமுகத்திலோ கழித்துப் போட்ட மரப்படகு ஒன்று லாரியில் வந்து இறங்கியது. எஞ்சின் மேல் எட்டுக் குதிரைச் சக்தி என்று பொறித்திருந்தது. அவற்றில் ஐந்து குதிரைகள் எப்போதோ ஓய்வு பெற்றிருந்தன.

ஓட்டுவதற்கு இளையபெருமாளைப் பிடித்தார்கள். கிணற்று ஆயில் எஞ்சின் ரிப்பேர்க்காரன். கிணற்றுக்கெல்லாம் கரண்ட் மோட்டார் வந்துவிட்டதால் அவனைக் கூப்பிட ஆள் இல்லை. படகு வேலை தற்காலிகம். அவன் வயது நாற்பத்து நாலு. இதையும் விட்டால் திண்டிவனத்தில் மச்சான் வைத்திருக்கும் ரைஸ் மில்லில் தவிடு அள்ளப் போக வேண்டும். அந்த மச்சானோடு இவன் பேசி ஒன்பது வருஷமாகிறது.

ஜில்லா தலைநகர் கடலூரிலிருந்து அதிகாரியின் கடிதம் வந்தது. நாலு பேரை ஏற்றிக்கொண்டு எட்டு நிமிஷத்தில் ஏரியைக் கடந்தால் படகு செஞ்சியிலேயே இருக்கும், ஓட்டுகிறவனுக்கு வேலை நிரந்தரம். கடக்காவிட்டால் படகு திரும்பிப் போய்விடும். ஓட்டுகிறவன் எங்கே போவது என்று கடிதத்தில் இல்லை.

முதல் வெள்ளோட்டத்தில் பத்தொன்பது நிமிஷம் ஆயிற்று. ஏரிக்கரை மேல் மாடு ஓட்டிக்கொண்டு போன ரங்கநாதன் கத்தினான்: "இன்னா மெக்கானிக்கு, எம்மாடு தண்ணி குடிச்சிட்டு வூட்டுக்கே கெளம்பிடிச்சி. நீ இன்னும் இங்கியே நிக்கிறே?"

"நிக்கலடா, போய்க்கினுதான் இருக்கிறேன்."

"அப்டியா? சொன்னாத்தான் தெரியுது."

வீட்டில் மனைவி ரஞ்சிதம் கேட்டாள்: "எஞ்சினுக்கு இன்னாங்க நோவு?"

"எஞ்சின் கெழடு. ஆனா அது பரவால்ல. படகு குண்டா இருக்குது, அதான் வம்பு."

"அப்ப பட்டினி போடுங்க."

மூன்று வாரம் பட்டினி போட்டான். படகை மலையடிவாரப் பாறையில் கவிழ்த்து வெயிலில் காயவைத்தான். பலகை குடித்திருந்த தண்ணீரே நாலு மூட்டை கனம் இருக்கும். பதினொரு பூச்சுப் பெயின்ட்டைச் சுரண்டினான். ஏழாவது பூச்சுக்கு அடியில் ஒரு வெள்ளைக்காரியின் பெயர் கிடைத்தது, அவளையும் சுரண்டினான். தேக்கு பெஞ்சு, இரும்புக் கம்பி வேலி, ஆள் உயரச் சங்கிலியோடு நங்கூரம் எல்லாவற்றையும் கழற்றிக் கரையில் அடுக்கினான். எஞ்சினுக்குள் அப்பியிருந்த கரியை எடுத்தான். தண்ணீரைத் தள்ளுகிற விசிறியில் ஒரு இதழ் மடங்கியிருந்தது. கடைத்தெருவில் பித்தளைப் பாத்திரம் அடிக்கிறவரிடம் கொடுத்து, மற்ற இரண்டு இதழ் மாதிரியே தட்டி நிமிர்த்தி வாங்கினான்.

பிறகு களையெடுத்துக்கொண்டிருந்த நாலு பேரைக் கூப்பிட்டு நடுவில் உட்காரவைத்து ஓட்டிப் பார்த்தான். ஏழு நிமிஷம் நாற்பது விநாடி. டிரில் மாஸ்டர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுவிட்டதோ என்று. நிற்கவில்லை. இளையபெருமாள் அன்றைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில் சாப்பிட்டான்.

அதற்கப்புறம் பாண்டுரங்கன் நோட்டீஸ் அடித்தார்.

செஞ்சியில் நோட்டீஸ் என்பது வெறும் தாள் அல்ல. அதில் பெயர் ஏறியவருக்கு மேடையில் நாற்காலி உண்டு. நாற்காலி கிடைக்காவிட்டால் அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மூன்று தலைமுறைக்கு நம் வீட்டு வாசலை மிதிக்காது. இந்த நோட்டீஸில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, கடலூர் அதிகாரி எல்லாருமாகப் பதினொரு பெயர். விழா நடக்கும் இடம்: படகு.

குறித்த நாள் காலை பதினொரு பேரும் சலவை வேட்டியோடு வந்தார்கள். பெஞ்சு இல்லாததைப் பார்த்துவிட்டு, சத்திரத்திலிருந்து பதினொரு மர நாற்காலி வந்தது. மைக் செட்டும் அதன் பேட்டரியும் வந்தன. இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழைமரம் கட்டினார்கள்.

"மொதலாளி, நாலு பேருன்னுதான் கடுதாசியில போட்டுக்குது" என்றான் இளையபெருமாள்.

"அது பொதுமக்கள்ல நாலு பேருய்யா. இவங்கல்லாம் நோட்டீஸ்ல இருக்கிறவங்க" என்றார் பாண்டுரங்கன்.

"ஒரு ஏழு பேரு எறங்குனா போதும். உங்க கால்ல வுழறேன்."

"யாரை எறங்கச் சொல்றே? பேரைச் சொல்லு."

இளையபெருமாள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். வாழ்த்துரை வழங்க வந்த ஜவுளிக்கடை விநாயகம் பெருந்தன்மையோடு சொன்னார்: "நான் எறங்கத் தயார். எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்ல. நன்றியுரை மொதல்ல எறங்கட்டும்."

"நான் எறங்கிட்டா நன்றி யாரு சொல்றது? வாழமரமா?" என்றார் நன்றியுரை கிருஷ்ணமூர்த்தி.

யாரும் இறங்கவில்லை. பெரிய மனிதர்கள் முன்வரிசையில்தானே உட்காருவார்கள்? எல்லாரும் முன்பக்கமே உட்கார்ந்தார்கள். படகின் மூக்கு தண்ணீருக்குள் போயிற்று.

"ஐயா, கொஞ்சம் பின்னால வந்து உக்காருங்க. மூக்கு முங்குது."

"தலைமையைப் பின்னால போய் உக்காரச் சொல்றானே, கேட்டீங்களா சார்?" என்று பாண்டுரங்கன் அதிகாரியிடம் சிரித்தார். அதிகாரியும் சிரித்தார். அவரும் முன்னால்தான் இருந்தார்.

படகு கிளம்பியது. கிளம்பியது என்று டிரில் மாஸ்டர் கொடியசைத்ததால்தான் தெரிந்தது. வரவேற்புரை தொடங்கி, ஒவ்வொருவரையும் பட்டத்தோடு வரவேற்று முடிப்பதற்குள் ஐந்து நிமிஷம். புறப்பட்ட கரை இன்னும் கையெட்டும் தூரத்தில் இருந்தது. இளையபெருமாள் எஞ்சினின் மேல் கையை வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டாவது நிமிஷம் முடிந்ததென்று கரையில் டிரில் மாஸ்டர் விசில் ஊதினார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. வாழ்த்துரை நடக்கும்போது, பாரத்தில் படகே தாழ்ந்து விசிறி சேற்றைக் கடைந்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமி, நின்றுவிட்டது.

"என்ன காரணம்?" என்றார் அதிகாரி.

"பாரம் ஜாஸ்திங்க ஐயா. நாலு பேரோட ஏழு நிமிஷம் நாப்பது—"

"படகையே பிச்சிப் போட்டுட்டான் சார்" என்றார் பாண்டுரங்கன். "பெஞ்சு, கம்பி, நங்கூரம், எல்லாம் கரையில கெடக்குது. இருந்த பெயின்ட்டையும் காணோம். கவர்மென்ட் பொருளு!"

அதிகாரி மடியில் காகிதத்தை வைத்து எழுதினார். அனுமதியின்றிப் பாகங்களைக் கழற்றியதால் படகு தன் இயல்பான வேகத்தை இழந்துள்ளது. பொறுப்பு: தற்காலிக ஓட்டுநர். பதினொரு பேரில் ஒருவர்கூட, அது அப்படி இல்லை என்று சொல்லவில்லை.  

இளையபெருமாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, படகைப் பின்னாலிருந்து தள்ளத் தொடங்கினான். தோள் எரிந்தது. காலடியில் சேறு வழுக்கியது. மேலே கிருஷ்ணமூர்த்தி நன்றியுரையை ஆரம்பித்தார். அதிகாரிக்கும், அச்சகத்துக்கும், நாற்காலி கொடுத்த சத்திரத்துக்கும் நன்றி சொன்னார். கரை சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை ஒருவரும் நாற்காலியை விட்டு எழவில்லை.

அடுத்த வாரம் படகு லாரியில் போயிற்று. அதற்கு மறுநாள் இளையபெருமாள் ரஞ்சிதத்தோடு திண்டிவனம் பஸ் ஏறினான்.

விழா நடந்த அன்றைக்கு ஏரியில் தண்ணீர் இடுப்பளவுதான்.