நாலாவது நம்பர்

அவர்களுடைய அறுவடை மிஷின் வயலின் நடுவில் நின்றுபோனதும் எழில் முதலில் வானத்தைத்தான் பார்த்தாள். வானத்தில் ஒன்றுமில்லை, சுள்ளென்று வெயில்தான். ஆனால் போனில் விடிந்ததிலிருந்து ஒரே பேச்சு: நாளை மாலைக்குள் மழை, அதுவும் கனமழை. கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் அவர்களுக்கு இருப்பதே மூன்று ஏக்கர். மூன்றிலும் நெல் முற்றித் தலை சாய்த்து நின்றது. போன வருடம் ஊரார் வயலையெல்லாம் அறுத்துக் கொடுத்துவிட்டுத் தங்கள் வயலுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நெல் கதிரிலேயே முளைவிட்டது. அந்த வருடம் முழுக்க ரேஷன் அரிசிதான் உலையில் கொதித்தது. இந்த முறை நம் வயல்தான் முதலில் என்று அவள் கணவன் மாறன் ஒரே பிடியாக நின்றான். இதுவும் போனால் மிஷினை விற்றுவிட்டு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விடுவதாகவும் சொல்லியிருந்தான். அவன் சொன்னால் செய்கிற ஆள். அதுதான் அவளுக்குப் பயம்.

வேறு மிஷின் கேட்டுப் பார்த்தார்கள். மழை என்றதும் எல்லோரும் முந்திக்கொண்டார்கள், நாலு நாள் ஆகும் என்றார் புரோக்கர். கையால் அறுக்கலாம் என்றால் அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. அறுக்கத் தெரிந்த பெண்கள் பாதிப்பேர் கிரிவலப் பாதையில் கடலையும் மோரும் விற்கப் போயிருந்தார்கள்.

கீழ்பென்னாத்தூர் மெக்கானிக் புகழேந்தி பைக்கில் வந்து, ஒரு கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். போனது ஈ.சி.எம். என்றார். அதாவது எந்த நேரத்தில் எவ்வளவு டீசல் என்று இன்ஜினுக்குச் சொல்கிற கம்ப்யூட்டர் பெட்டி. அதைக் கழற்றிச் சாய்த்தார். உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது.

"மழையே வரல, தண்ணி எங்கேர்ந்து வந்துச்சு?" என்றார்.

எழிலுக்குத் தெரியும். ஐந்து நாளைக்கு முன்னால் ஆயுத பூஜை. மாறன் பொரியும் பூசணிக்காயும் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அவள் மோட்டாரைப் போட்டு, பைப்பைப் பிடித்து, மிஷினை மேலேயிருந்து கீழே வரை குளிப்பாட்டியிருந்தாள். வந்து பார்த்தவன் புதுசு மாதிரி இருக்கிறதே என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது நெஞ்சில் குத்தியது. அவள் குனிந்து, சொட்டிய தண்ணீரை முந்தானையால் துடைத்தாள்.

புகழேந்தி இரண்டு வழி சொன்னார். சென்னையில் ஒரு கடையில் இதே மாடலுக்குப் புரோகிராம் போட்டே பெட்டி தருகிறார்கள். சாயங்காலத்துக்குள் எழுதி பஸ்ஸில் போட்டுவிட்டால் காலையில் கைக்கு வரும், மாட்டியதும் ஓடும். இல்லையென்றால் அடி அண்ணாமலையில் பவன் என்று ஒரு ஜைனப் பையன் இருக்கிறான். பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்து, இந்த இன்ஜினுக்கென்றே புரோகிராமை எழுதுவான். ஆனால் வயலுக்கு வந்து, ஓடுகிற மிஷினில் உட்கார்ந்து சரிபார்க்க அரை நாள் தின்பான். மாறன் யோசிக்கவே இல்லை, ரெடி பெட்டி என்றுவிட்டான்.

சென்னைக் கடைக்காரன் போனில் ஒன்று கேட்டான். இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் நாலு உண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் பொடி எழுத்தில் ஒரு நம்பர் வெட்டியிருக்கும். நாலையும் சொன்னால்தான் பெட்டியில் ஏற்ற முடியும். புகழேந்தியின் கண்ணுக்குப் பொடி எழுத்து பிடிபடாது. மாறன் வரப்பில் யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். எழில்தான் ஏறிக் குனிந்து படித்தாள்.

மூன்று நம்பர் சந்தனக் குங்குமத்துக்கு அடியில் தெளிவாக இருந்தது. நாலாவது குத்துவிளக்கு மாதிரி மின்னியது. ஒரு எழுத்துக்கூட இல்லை. பூஜைக்குப் பொட்டு வைப்பதற்கு முன்னால் துரு என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது அவள் கைதான். மற்ற மூன்றையும் தேய்ப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கியதால் ஓடிவிட்டாள்.

"சொல்லுமா, நாலாவது இன்னா?" என்றார் புகழேந்தி.

அவள் மூன்றாவது நம்பரையே கடைசி எழுத்தை மட்டும் மாற்றிச் சொன்னாள். எப்படி வந்தது அந்தப் பொய் என்று அவளுக்கே தெரியவில்லை. கீழே இறங்கியதும் சும்மா கேட்பது போல, நம்பர் தப்பானால் என்ன ஆகும் என்று கேட்டாள். அந்த ஒரு சிலிண்டருக்கு டீசல் ஜாஸ்தியாகும், லோடில் ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும், அப்புறம் இன்ஜினையே மறந்துவிட வேண்டியதுதான் என்று அவர் சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பைக்கை உதைத்தார்.

அதற்கப்புறம் அவளால் வீட்டில் உட்கார முடியுமா? அந்த நம்பர் செத்த பெட்டிக்குள்ளேயும் இருக்குமே, பவன் எடுத்துக் கொடுப்பானே என்று தோன்றியது. மாறனிடம் கிரிவலம் போய் வேண்டிக்கொண்டு வருகிறேன் என்றாள். பெட்டியை ஒரு துண்டில் சுற்றி ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

பௌர்ணமி என்பதால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆட்டோவையும் விடவில்லை. கூட்டத்தை எதிர்த்து நடக்க வழியில்லை, அதனால் கூட்டத்தோடே நடந்தாள். பின்னால் வந்த ஒரு அம்மாள், செருப்பைப் போட்டுக்கொண்டா மலையைச் சுற்றுகிறாய் என்று கடிந்துகொண்டதும், அதையும் ஒரு பூக்கடை ஓரத்தில் கழற்றிப் போட்டாள். தார் ரோடு கொதித்தது. ரமணாசிரமத்தைத் தாண்டும்போது கூடையில் என்ன பிரசாதமா என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றாள். அண்ணாமலையாரைக் கேட்க நினைத்தால் வாயில் நம்பர்தான் வந்தது. மூன்று நம்பரும் மனப்பாடம் ஆகியிருந்தது.

அடி அண்ணாமலை போய்ச் சேரும்போது மணி நாலரை. பவன் முன்னறையிலேயே பட்டறை வைத்திருந்தான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன். அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். முன்பின் தெரியாதவனிடம் சொல்வது சுலபமாக இருந்தது. அவன் திட்டவில்லை, பெட்டியைப் பிரித்தான், தலைமுடி உலர்த்துகிற மிஷினால் ஈரத்தைப் போக்கினான், ஒயர்களை லேப்டாப்பில் இணைத்தான். உள்ளேயிருந்து அவன் அம்மா தர்மதேவி இரண்டு முறை வந்து பொழுது சாயப்போகிறது, சாப்பிட வா என்று கூப்பிட்டாள். பொழுது போய்விட்டால் அந்த வீட்டில் சாப்பிட மாட்டார்கள். அவன் இதோ என்றானே தவிர எழுந்திருக்கவில்லை.

கடைசியில் லேப்டாப்பைத் தள்ளி வைத்தான்.

"அக்கா, உள்ள எல்லாம் அரிச்சுப் போச்சு. எந்த நம்பரும் வரல."

எழில் அப்படியே சுவரில் சாய்ந்தாள். தன்னிடம் இதே மாடலில் நல்ல பெட்டி ஒன்று கிடக்கிறது, அதில் எழுதிக் கொண்டுவந்து, இன்ஜின் ஓடும்போதே நாலாவது இன்ஜெக்டருக்கு எவ்வளவு டீசல் என்று கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பிடித்துவிடலாம் என்றான் பவன். ஆனால் நாளை காலை முழுக்க அதற்கே போய்விடும். சென்னைப் பெட்டியில் நாலாவதுக்குப் பொதுவான அளவு போடச் சொல்லலாம், விடிந்ததும் அறுக்க ஆரம்பிக்கலாம். அது இந்த இன்ஜினுக்கு ஒத்துப்போனால் மூன்று ஏக்கரும் தப்பும். போகாவிட்டால் நெல்லும் போகும், மிஷினும் போகும்.

"ஒத்துப்போவுமா தம்பி?"

"தெரியாதுக்கா. தெரியும்னு சொன்னா பொய்."

சென்னையில் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றுகிற நேரம் நெருங்கிவிட்டது. அவள் மாறனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நாலாவது நம்பர் நான் பார்த்துச் சொல்லல. அது அழிஞ்சு போச்சு. பூஜைக்கு நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். வாய்க்கு வந்தத சொல்லிட்டேன்."

வாசலில் கூட்டம் அரோகரா சொல்லிக்கொண்டு போனது.

"அப்ப பெட்டிக்குள்ள தண்ணி?"

"அதுவும் நான்தான்."

அவன் போனை வைத்துவிடுவதற்குள், பவன் சொன்ன இரண்டையும் அழுகையை அடக்கிக்கொண்டு சொல்லி முடித்தாள்.

"போன வருஷம் முளைச்ச நெல்ல பொறுக்கினது நீதான்," என்றான் மாறன். "நீயே சொல்லு. எதுன்னாலும் சரி."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"சென்னைக்காரங்கள வேணாம்னுடுங்க. இந்தத் தம்பிய கூட்டியாறேன்."

விடிந்தும் விடியாமலும் பவன் பைக்கில் வந்து, தன் பெட்டியை மாட்டிவிட்டு மிஷினில் ஏறி உட்கார்ந்தான். மடியில் லேப்டாப். மாறன் பத்தடி அறுப்பான், நிறுத்துவான். பவன் காதை வைத்துக் கேட்பான், எதையோ தட்டுவான், மறுபடி பத்தடி. கரும்புகை குபுக்கென்று வரும், இன்ஜின் இருமும். கிழக்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. பக்கத்து வயல் ராஜம்மாள் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"கம்ப்யூட்டர் படிச்சவர கூட்டியாந்து உக்கார வச்சிருக்கியே எழிலு, நெல்லு அதுவா மூட்டைக்குள்ள போவுமா?"

ஒன்பது மணி, பத்து மணி. அரை ஏக்கர்கூட ஆகவில்லை. சென்னைப் பெட்டி என்றால் இந்நேரம் இரண்டு ஏக்கர் முடிந்திருக்கும், ஒருவேளை அது ஒத்துப்போயிருக்கும் என்று அவள் மனசு போட்டு அரித்தது. பதினொன்றரைக்குத்தான் இருமல் நின்றது. சத்தம் ஒரே சீராக வந்தது. பவன் இறங்கி, இனிமேல் நிறுத்தாதீங்கண்ணா என்றான். முதல் நாள் மத்தியானத்திலிருந்து அவன் வயிற்றில் ஒன்றும் போயிருக்கவில்லை. அவள் கொடுத்த நீராகாரத்தை நின்றபடியே குடித்தான்.

மாறன் சோற்றுக்குக்கூட இறங்கவில்லை. மூன்று மணிக்குக் காற்று அடித்தது. மூன்றே காலுக்கு மழை. ஓரமாக அரை ஏக்கருக்கும் கொஞ்சம் அதிகமான நெல், கண்ணெதிரே அலை அலையாகப் படுத்தது. சேற்றோடு ஒட்டிய கதிரை மிஷின் பிளேடால் எடுக்க முடியாது. மாறன் இன்ஜினை நிறுத்தினான். எழில் தார்ப்பாயை நெல் குவியல்மேல் இழுத்துக் கட்டினாள். திரும்பிப் பார்த்தால், அவன் ஒரு யூரியா சாக்கின் உள்பையை அந்தப் பெட்டிமேல் சுற்றிக் கயிறு போட்டுக்கொண்டிருந்தான். முடிச்சு இறுக்கமாக விழுந்தது.

அவள் கொட்டகையிலிருந்து கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு படுத்த நெல்லுக்குள் இறங்கினாள். முழங்கால்வரை சேறு. ஒரு பிடியைத் தூக்கி அறுத்து, சேற்றை உதறி, வரப்பில் போட்டாள். இதில் எவ்வளவு தேறும் என்று அவளுக்கே தெரியாது. மழை கண்ணை மறைத்தது. நாலாவது பிடியை அறுக்கும்போது பக்கத்து வரிசையில் இன்னொரு அரிவாள் அறுக்கிற சத்தம் கேட்டது.

"பின்னாடி வராத, வழுக்குது," என்றான் மாறன். "என் பக்கத்துல நின்னு அறு."