காரெலின் ஈட்டி முனை

யார் வேண்டாம் என்றாலும் சிவசங்கர் நம்பமாட்டான். விருந்தாளி இலையைக் கையால் மறைத்துப் போதும் என்றால் இன்னொரு கரண்டி வைப்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவன். வாலாஜாபாத் கல்யாணப் பந்தியில் அது நல்ல குணம்தான். அதை ஒரகடத்துத் தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவுக்கும் கொண்டுவந்தான் பாருங்கள், அங்கேதான் மானம் போயிற்று.

அந்தப் பிரிவில் அவன் சூப்பர்வைசர். புது ரோபோக்களைப் பொருத்த எஸ்டோனியாவிலிருந்து மாரெட் என்ற பொறியாளர் வந்திருந்தார். ஒருநாள் கேன்டீனில் தன் கொள்ளுத்தாத்தா காரெலைப் பற்றிச் சொன்னார். கொல்லர் மகன். அப்பாவின் உலையில் தானே ஈட்டி முனை அடித்து, கம்பில் செருகி, உருளைக்கிழங்கு வயலில் எறிந்து பழகியவர். அப்போது அந்த நாடு ரஷ்யச் சக்கரவர்த்தியின் கையில் இருந்தது. முதல் ஈட்டி எறியும் பந்தயங்களில் சக்கரவர்த்தியின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டுதான் எறிந்தார். நாடு விடுதலையானதும் சொந்தக் கொடியோடு வெளிநாட்டுப் பந்தயங்களுக்குப் போனார். ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஆனாலும் ஊர் திரும்பும்போதெல்லாம் ரயிலடிக்கே வந்து தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். தோள்பட்டை போனபின் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். பிறகு சோவியத் ஆட்சி வந்தது. ஒரு விடியற்காலையில் அவரைப் பிடித்துச் சரக்கு ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். திரும்பி வரவில்லை. கல்லறைகூடக் கிடையாது. மிஞ்சியது அந்த இரும்பு முனை ஒன்றுதான். மாரெட் வேலைக்காக எந்த நாட்டுக்குப் போனாலும் பெட்டியில் அதுவும் போகும்.

சிவசங்கருக்குக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. அன்று மாலையே கம்பெனி பஸ்ஸில் அத்தனை பேருக்கும் சொல்லி, காரெலை உலக சாம்பியனாகவும் ஆக்கிவிட்டான்.

ஆயுத பூஜை வந்தது. ஸ்பேனர், ஸ்ப்ரே கன் எல்லாம் பூஜை மேசைக்கு வந்தன. "நீங்களும் ஏதாவது வைங்க மேடம்" என்று அவன்தான் கேட்டான். மாரெட் யோசித்துவிட்டு மறுநாள் முனையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"அப்படியே வையுங்கள். துடைக்கக்கூட வேண்டாம்."

"சரிங்க மேடம்" என்றான். கனத்த துரு, செதில் செதிலாக. இதையா சாமி முன்னால் வைப்பது?

அவன் அதை எடுத்துக்கொண்டு லைன் பக்கம் போவதைப் பார்த்து, உடன் வேலை செய்யும் அமலா தடுத்தாள். "அண்ணே, இன்னா பண்றீங்க? தொடைக்கவே வேணாம்னு சொன்னாங்களே."

"மரியாதைக்குச் சொல்றாங்கம்மா. நாளைக்குப் பாரு, அந்தம்மா மூஞ்சி எப்படி மலரும்னு."

இரும்புக் குருணையை அடித்துத் துருவை உரிக்கும் இயந்திரத்தில் முனையைப் போட்டான். துரு போய் வெள்ளையாக வெளியே வந்தது. அடியில் சில கீறல்கள் தெரிந்தன. பெயிண்ட் அடிக்கும் முன் கீறலைத் தேடித் தேய்ப்பதுதான் இத்தனை வருஷமாக அவன் பிழைப்பு. கிரைண்டரை வைத்து வழவழப்பாக்கி, தங்க நிறப் பவுடர் பெயிண்ட் பூசி, அடுப்பில் வேகவைத்து எடுத்தான். சந்தனம், குங்குமம் வைத்தபோது அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

பூஜையில் மாரெட் முன்வரிசையில் நின்றார். தட்டில் மின்னுவது என்னவென்று முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்தது. கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், எல்லாரையும் போல. பிறகு முனையை எடுத்து, கட்டைவிரலால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தடவினார். அமலா சிவசங்கரைப் பார்த்தாள். அவன் பொரிப் பொட்டலங்களை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டான்.

எல்லாரும் கலைந்தபின் மாரெட் அவனிடம் வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் அவன் தாங்கியிருப்பான்.

"இதில் இரண்டு எழுத்துகள் இருந்தன. சிப்பாய்கள் வாசலில் நின்றபோது கொள்ளுத்தாத்தா அவசரமாகக் கீறியவை. ஒன்று அவருடையது, இன்னொன்று அவர் மகள், என் பாட்டியுடையது. பாட்டி அப்போது சிறுமி, அன்று வீட்டில் இல்லை. அவளிடம் கொடுங்கள் என்று பக்கத்து வீட்டில் தந்துவிட்டுப் போனார்."

"லேசர் மெஷின் இருக்கு மேடம், அதே மாதிரி எழுத்து..." சொல்லும்போதே சிவசங்கருக்குத் தன் குரலே அருவருப்பாக இருந்தது.

"வேண்டாம்" என்றார். இந்த முறை அவன் நம்பினான்.

"எனக்கு நினைவு தெரிந்த நாளாக அவை துருவுக்கு அடியில்தான் இருந்தன. விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பாட்டியும் கடைசிக் காலத்தில் தடவித்தான் பார்த்தாள். துருவை உரித்ததும் தெளிவாகத் தெரிந்திருக்குமே. நீங்கள் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் மேடம்."

மாரெட்டின் முகத்தில் ஓர் ஆசை வந்தது. அதைத்தான் அவனால் நேராகப் பார்க்க முடியவில்லை. பொரிப் பொட்டலத்தின் காகிதத்தைக் கிழித்து, பேனாவோடு நீட்டினார். "அவர் கையெழுத்து எப்படி இருந்தது? வரைந்து காட்டுங்கள்."

சிவசங்கர் பேனாவை வாங்கினான். கண்ணை மூடி யோசித்தான். கிரைண்டர் பொறி பறந்தது நினைவிருந்தது. வழவழப்பு வந்ததும் விரலால் தடவிச் சந்தோஷப்பட்டது நினைவிருந்தது. கோணலாக இரண்டு எழுத்து போட்டுக் கொடுத்தால் அவர் நம்பிவிடுவார், சந்தோஷமாக ஊருக்கும் எடுத்துப் போவார். பேனா முனை காகிதத்தைத் தொட்டுவிட்டது.

அவன் கையை எடுத்தான்.

"கீறல்னுதான் மேடம் பார்த்தேன்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தான்.