ஜன்னல் பச்சை

பன்னிரண்டு வருடம் ஓடிய வெள்ளைக் காரின் முன்கண்ணாடியில், சிவப்பு மையில் விலையை எழுதி ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாலரை லட்சமா? இதுக்கா?"

கடைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற அவள் அண்ணனைப் பார்த்துப் பதில் சொன்னார். "ஒரே ஓனர் சார். ஒரு டீச்சரம்மா ஓட்டினது. ஸ்கூல் விட்டா வீடு, வீடு விட்டா ஸ்கூல். பூ மாதிரி வச்சிருந்தாங்க."

"வாங்கப்போறது நான்."

"சரிங்க மேடம். சார் பார்த்துச் சொல்லட்டும்."

வந்ததிலிருந்து இதே கதைதான். கேள்வி அவளுடையது, பதில் அண்ணனுக்கு. பணம் யாருடையது என்று இந்த மனிதர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவள் வீடு வீடாகப் போய், கை கால் விழுந்தவர்களை மறுபடி நடக்கவைக்கும் பிசியோதெரபிஸ்ட். மூன்று வருடம் ஊரார் முதுகையும் முழங்காலையும் பிடித்துவிட்டுச் சேர்த்த பணம் அது. போன மாதம் மழையில் ஸ்கூட்டர் சறுக்கி, பின்னால் உட்கார்ந்திருந்த ஆறு வயது மகளுக்குத் தாடையில் மூன்று தையல். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்: நாலு சக்கரம், தலைக்கு மேல் ஒரு கூரை, குழந்தை பத்திரமாக உட்கார ஒரு பின்சீட்டு. வேறெதுவும் வேண்டாம்.

அண்ணனைக் கூட்டிவந்ததற்குக் காரணம் அவன் தொழில். அடிபட்ட வண்டிகளைத் தட்டி நிமிர்த்தி, வெல்டிங் வைத்து, பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறவன். பட்டறைக்காரர்கள் அவனை 'சர்ஜன்' என்பார்கள். அவன் கைவைத்த இடத்தில் தழும்பே தெரியாதாம்.

உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான்.

"மீட்டர் நாற்பத்தஞ்சாயிரம்னு காட்டுது. பிரேக் மிதியைப் பாருங்க, ரப்பர் தேஞ்சு இரும்பு சிரிக்குது. டீச்சரம்மா என்ன, செருப்புல உப்புத்தாள் ஒட்டிக்கிட்டு ஓட்டினாங்களா?"

"பழைய வண்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும் சார்."

"டயர் நாலும் நாலு ஜாதகம். ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை." அண்ணன் கதவை ஓங்கிச் சாத்தினான். "கேட்டீங்களா? பிஸ்கட் டப்பா மூடுற சத்தம். முன்கண்ணாடில ஒரு வருஷம் போட்டிருக்கு, பின்கண்ணாடில அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி. மூணேகாலுக்கு மேல ஒரு பைசா தாங்காது."

"நாலு பத்து. அதுக்குக் கீழே இறங்கினா என் வீட்டுல சோறு போடமாட்டாங்க. அங்க பாருங்க, இதே வண்டிக்கு ஒரு ஜோடி காத்துக்கிட்டிருக்கு."

ஆபீஸ் அறை வாசலில், தோளில் தூங்கும் குழந்தையோடு ஓர் இளம் பெண்ணும் அவள் கணவனும் நின்றிருந்தார்கள்.

அண்ணன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரால் டிரைவர் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட்டை நெம்பினான். நெம்பியவன் அப்படியே நின்றுவிட்டான். பிறகு கார்ப்பெட்டைப் பழையபடி போட்டு, படுக்கை விரிப்பைச் சரிசெய்வதுபோல உள்ளங்கையால் தடவிவிட்டான்.

"வேணாம். கிளம்பு."

"என்னாச்சு?"

"வேணாம்னா வேணாம். வேற பார்க்கலாம்."

"என்ன கோளாறுன்னு சொல்லுண்ணா."

"சொன்னா உனக்குப் புரியாது."

கடைக்காரர் அப்படிப் பேசியதைப் பொறுத்துக்கொண்டாள். இவனுமா? அவன் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி, மண்டிபோட்டு, கார்ப்பெட்டைத் தானே தூக்கினாள்.

காரின் அடித்தகட்டில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை சுண்டுவிரல் தடிமனில் ஒரு வெல்டிங் தையல் ஓடியது. அதன்மேல் பச்சை பெயிண்ட்.

அந்தப் பச்சை அவளுக்குத் தெரியும். வீட்டு ஜன்னலுக்கு அடிக்கவென்று எப்போதோ மலிவாகக் கிடைக்கிறதே என்று அண்ணன் ஒரு பெரிய டிரம்மாக வாங்கிவந்தான். ஜன்னல் முடிந்து கேட், கேட் முடிந்து பூந்தொட்டி ஸ்டாண்ட், கடைசியில் அவளுடைய சைக்கிள்கூட அதே நிறமானது. ஸ்கூலில் அவளை 'வெட்டுக்கிளி' என்று கூப்பிட்டார்கள். அப்படியும் தீராததை அவன் பட்டறைக்குக் கொண்டுபோய், வெல்டிங் வைத்த இடம் துருப்பிடிக்காமலிருக்க உள்பக்கம் பூசினான். உலகத்தில் வேறெந்தப் பட்டறையிலும் அந்தக் கண்றாவி நிறம் கிடையாது.

எழுந்தாள். "ஒட்டின வண்டியா?"

அண்ணன் தரையைப் பார்த்தான். "முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி ஒரு வண்டி. ரெண்டுமே அடிபட்டது. ஒட்டச் சொல்லிக் கொண்டுவந்தவன், தோட்டத்துக்குள்ள உரமூட்டை ஏத்தத்தான்னு சொன்னான். ரோட்டுப் பக்கமே வராதுன்னான். நம்பினேன்."

"எங்கேயாவது மோதினா?"

"அந்த இடத்துல விட்டுக்கும்."

"விட்டா பின்சீட்டுல இருக்கிற என் பொண்ணு?"

"அதான் வேணாம்னு சொல்லிட்டேனே!"

"எனக்கு வேணாம்னு சொன்னே. அதோ நிக்கிறாங்களே, அவங்களுக்கு?"

"மெதுவா பேசு. நமக்கெதுக்கு அது?"

"ஒட்டினது யாரு?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன சார் முடிவு? உங்களுக்காக மூணே முக்கால்."

"இது ஒட்டின வண்டின்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று அவள் கேட்டாள்.

அவர் முகத்தில் ஈ ஆடவில்லை. ஒரு நொடிதான், உடனே சமாளித்தார். இப்போதும் அண்ணனைப் பார்த்துத்தான். "கண்டுபிடிச்சிட்டீங்களா? கில்லாடி சார் நீங்க. ஆனா ஒட்டினவன் கைக்குத் தங்கக் காப்பு போடணும். எனக்கே ரெண்டு நாள் ஆச்சு."

அண்ணனின் உதட்டோரத்தில் ஒரு சின்ன மலர்ச்சி வந்து போனதை அவள் பார்த்துவிட்டாள். பொய் சொன்ன கடைக்காரரையாவது மன்னித்துவிடலாம். அந்த மலர்ச்சியை எப்படி மன்னிப்பது?

"கொஞ்சம் இங்க வாங்க," என்று அந்த ஜோடியைக் கூப்பிட்டாள்.

"மேடம், என் பொழைப்புல மண்ணள்ளிப் போடாதீங்க!"

இருவரும் வந்தார்கள். கணவன் நேராக அண்ணனைத்தான் கேட்டான். "என்ன சார், வண்டில ஏதாவது பிரச்சினையா?"

இந்த முறை அவளுக்குக் கோபம் வரவில்லை. "அவர்கிட்டயே கேளுங்க. இந்த வண்டியை அவரைவிட நல்லா தெரிஞ்சவங்க யாருமில்லை."

அண்ணன் அவளைப் பார்த்தான். அவள் டார்ச்சை நீட்டினாள். அவன் கை அதை வாங்க ரொம்ப நேரம் எடுத்தது.

பிறகு குனிந்து, கார்ப்பெட்டை ஒரே இழுப்பில் கிழித்துச் சுருட்டினான். "இந்தப் பச்சைக் கோடு தெரியுதா? இதுக்கு முன்னாடி இருக்கிறது ஒரு வண்டி, பின்னாடி இருக்கிறது வேற வண்டி. ஓசியில கொடுத்தாலும் ஏறாதீங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்தப் பெண் குழந்தையைக் கணவனிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"நான்தாம்மா ஒட்டினேன்."

கடைக்காரர் கத்திய கத்தலுக்குத் தெருவே எட்டிப்பார்த்தது. கிழித்த கார்ப்பெட்டுக்குக் காசு வை என்றார், போலீஸ் என்றார். அந்த ஜோடி குழந்தையோடு ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருந்தது.

அவள் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தாள். அண்ணன் பின்னால் வந்து நின்றான்.

"அதான் சொல்லிட்டேன்ல? இன்னும் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே?"

"இன்னும் எத்தனை வண்டியில அந்தப் பச்சை இருக்கு?"

அவன் கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட ஆரம்பித்தான். ஒரு கை முடிந்ததும் அடுத்த கைக்குப் போனான்.