முட்டை இருக்கிற இடம்

அப்பாவின் ஸ்கூட்டர் பண்ணைப் பூங்காவின் கேட்டுக்குள் திரும்பியதும், கொட்டகை வாசலில் நின்றிருந்த ஏழெட்டுப் பேரும் கையசைத்தார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். அசைந்த கைகள் பாதியில் நின்றன.

"சார் வரலையா?" என்றார் தோளில் காக்கிப் பை மாட்டியிருந்தவர். ஓய்வுபெற்ற தபால்காரர். பை மட்டும் இன்னும் ஓய்வுபெறவில்லை.

"நான் அவர் பொண்ணு." ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைச் சொன்னாள். "அப்பா காலைல அஞ்சு மணிக்குத் தவறிட்டாங்க. பன்னெண்டு மணிக்குத்தான் வீட்டுக்குக் கொண்டு வருவாங்க. ஞாயித்துக்கிழமையாச்சே, நடைக்கு வந்தவங்க காத்துட்டு நிப்பாங்க, போய்ச் சொல்லிட்டு வான்னு அம்மாதான் அனுப்பினாங்க."

தொழுவத்தில் ஒரு பசு வைக்கோலை இழுக்கும் சத்தம் கேட்டது.

சொல்லியாயிற்று, கிளம்பலாம். ஆனால் கால் நகரவில்லை. நூறு வருடப் பழைய இந்தப் பண்ணைக்குப் பதினோரு வருடமாகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தவர் அப்பா. தொழுவம் கழுவுவார், வண்டிக்கு எண்ணெய் போடுவார், எட்டு மணிக்கு ஆட்களை நடத்திக்கொண்டு போய் மரமும் பறவையும் காட்டுவார். வீட்டில் 'ம்' என்பதைத் தாண்டிப் பேசியதில்லை. சின்ன வயதில் சைக்கிளில் பள்ளிக்கூடம் கூட்டிப் போனபோதும் "பாலத்துல வேலை நடக்குது" என்பார், அவ்வளவுதான். சந்தையைச் சுற்றி அரைமணி நேரம் மௌனமாக மிதிப்பார். தங்களிடமிருந்து தப்பிக்கத்தான் இங்கே வருகிறார் என்று நினைத்திருந்தாள். அப்படியா, இல்லையா என்று இனி அவரிடம் கேட்க முடியாது.

"இங்க அப்பா என்னதான் பேசுவாரு?" என்று கேட்டுவிட்டாள்.

கல் பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள் குடையை ஊன்றி எழுந்தார். எல்லாரும் டீச்சரம்மா என்றார்கள். "வாம்மா, நடந்துகிட்டே சொல்றோம். ஒரு மணி நேரம்தான்."

பழைய மாட்டுவண்டியருகே தபால்காரர் நின்றார். "'இந்தச் சக்கரம் நூறு வருஷம் சுத்திச்சு, இன்னும் கொட்டகையைத் தாண்டல.' இப்படித்தான் ஆரம்பிப்பாரு."

"இல்லப்பா, அதுக்கு முன்னால ஒரு இருமல் உண்டு" என்றார் டீச்சரம்மா.

தபால்காரர் இருமிவிட்டு மறுபடி சொன்னார். சிரித்தார்கள். உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

"கரையான் புத்துகிட்ட வந்தா, 'உள்ள ராணி இருக்கா, செல்போனை அணைச்சிடுங்க'ம்பாரு."

"அப்பா ஜோக் அடிப்பாரா?"

"நல்லா அடிப்பாரு. சிரிக்கத்தான் மாட்டாரு."

அந்த வார்த்தைகளை அப்பாவின் குரலில் போட்டுப் பார்த்தாள். புதுச் செருப்பு மாதிரி எங்கோ கடித்தது.

கிணற்றைத் தாண்டியதும் பாதை நேராகக் குளத்துக்கு இறங்கியது. ஆனால் ஒருவரும் சொல்லாமலே எல்லாரும் இடதுபக்கம் திரும்பி, உழுதுபோட்ட வயலைச் சுற்றிப் போனார்கள்.

"குளம் நேராத்தானே இருக்கு?"

"ஷ்ஷ்" என்றார் தபால்காரர். "அந்தப் பக்கம் ஆள்காட்டிக் குருவி முட்டை வச்சிருக்கு, வெறுந்தரைல. மிதிச்சிடக் கூடாது."

"நீங்க பார்த்திருக்கீங்களா?"

"சார் யாருக்குமே காட்டினதில்லம்மா. இப்ப எப்படிப் பார்க்கிறது" என்றபடி அவர் முன்னே போனார்.

அவள் பின்தங்கினாள். தண்ணீர்த் தொட்டியில் வாளி கழுவிக்கொண்டிருந்த தொழுவக்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"முட்டையெல்லாம் ஒண்ணுமில்லம்மா. அந்தக் குருவி இங்க வந்ததே இல்ல."

"அப்புறம்?"

அவர் நேர்ப்பாதையைப் பார்த்தார். குளத்துக்கு இறங்கும் ஒன்பது கல்படிகள். செங்குத்து, பிடிக்க ஒன்றும் இல்லை. பிறகு வயலோரம் கடைசியாகப் போய்க்கொண்டிருந்த டீச்சரம்மாவைப் பார்த்தார்.

"நாலு வருஷம் முன்னாடி அவங்களுக்கு முட்டி தேஞ்சுபோச்சு. எனக்காக எல்லாரும் நிக்க வேணாம், இனி வரலன்னுட்டாங்க. அடுத்த ஞாயிறே சார் இங்க முட்டை வச்சிட்டாரு."

அவள் படிகளருகே போய் நின்றாள். கைபேசி அடித்தது. அம்மா.

"சொல்லிட்டியாடி?"

"சொல்லிட்டேன். அம்மா, நான் பள்ளிக்கூடம் போறப்ப பாலத்துல மூணு வருஷமா வேலை நடந்துச்சா?"

"எந்தப் பாலம்? நம்ம சின்னப் பாலமா? அங்க என்ன வேலை?" அம்மாவின் குரல் அழுது தடித்திருந்தது. "அந்தப் பாலத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் உன்னைக் கடிச்சதுலேர்ந்து, பாலத்தைப் பார்த்தாலே கத்துவியே. மறந்துட்டியா? ஏன்டி இப்பக் கேக்குற?"

"சும்மாதான். வர்றேன்மா."

முதல் படியில் ஒரு காலை வைத்து நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"அய்யோ, அந்தப் பக்கம் போகாதம்மா!" வயலுக்கு அப்பாலிருந்து டீச்சரம்மா குடையை ஆட்டினார். "முட்டை!"

அவள் காலை எடுத்துக்கொண்டாள். வெறுந்தரையைப் பார்த்தபடி, வயலைச் சுற்றிக்கொண்டு அவரிடம் போய்ச் சேர்ந்தாள்.

"என்னம்மா, கண்ணுல பட்டுச்சா?"

"ம்" என்றாள், டீச்சரம்மாவின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு.