உப்பு பார்த்துச் சொல்கிறவள்

தொழிற்சாலை கேன்டீன் மாஸ்டரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை பச்சை நிறமானாள், அன்றோடு சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டாள். காலையில் உள்ளங்கை, மதியத்துக்குள் முழங்கை, துணி எடுக்க மாடிக்குப் போனவள் இறங்கி வரும்போது முகமும் பச்சை. மாஸ்டர் கையைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. இலை செய்கிற வேலையை இந்த அம்மா உடம்பு செய்கிறது, வெயிலும் தண்ணீரும் காற்றும் போதும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவளுக்கு ஒரு குறையும் இல்லை. மொட்டை மாடியில் வெயில் நகர நகர நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காற்று நன்றாக இருக்கிறதென்று மூச்சிரைப்புக்காரர்கள் இரண்டு பேர் தினமும் வந்து பாய் விரித்தார்கள். மாஸ்டருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. முந்நூறு பேருக்குச் சமைக்கிறவரின் கைப்பக்குவத்தை வீட்டில் சீந்த ஆளில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், யாருக்கும் தெரியாத சங்கதி: அவர் நாக்குக்கு உப்பே தெரியாது. வீடு கேன்டீன் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான். இருபத்திரண்டு வருடமாக முதல் கரண்டியை அவளிடம் நீட்டி, அவள் சொன்ன பிறகே பரிமாறுவார். இப்போது ஒரு நாள் சூப் உப்புக் கரித்தது, மறுநாள் சப்பென்று இருந்தது. மூன்றாம் வாரம் மேனேஜர் கூப்பிட்டு, "திங்கக்கிழமையும் இப்படின்னா வேற ஆளைப் பார்த்துக்கிறோம் மாஸ்டர்" என்றார்.

ஞாயிறு முழுக்க வீட்டில் சூப் வைத்துப் பார்ப்பதும் மாடியேறி இறங்குவதுமாக இருந்தார். கடைசியில், "வெயிலே உனக்குச் சோறு போடுது, இனிமே நான் எதுக்கு?" என்று கத்தினார். கத்திவிட்டு அழுதார்.

"வெயில் வந்து தண்ணி ஊத்துமா? கால் காயுதுங்க, ஒரு செம்பு கொண்டாங்க" என்றாள் அவள்.

அவசரத்தில் கையில் அகப்பட்டது சூப் பாத்திரம் கழுவிய தண்ணீர். அதையே பாதத்தில் ஊற்றினார். கால் மணி நேரம் கண்ணை மூடியிருந்தவள், "உப்பு ஒரு சிட்டிகை ஜாஸ்தி. மிளகு போட மறந்துட்டீங்க" என்றாள். மாஸ்டர் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளிலிருந்து பதினொன்றரை மணிக்கு ஒரு கரண்டி சூப்பை ஒரு செம்புத் தண்ணீரில் கலந்து மாடிக்குக் கொண்டுபோகிறார். ஊற்றிவிட்டுக் காத்திருக்கிறார். மேகம் போட்ட நாட்களில் உப்பு மேலே ஏற ஒரு மணி நேரம்கூட ஆகும், சாப்பாட்டு மணியும் பிந்தி அடிக்கும். தொழிலாளிகள் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள்.