கீழே கிடப்பவனின் முகம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது தரையில் செத்துக் கிடந்தபோது. (நடிப்புதான், பயப்பட வேண்டாம்.) மாடி வீட்டு ஓவியர் போர்க்காட்சிகள் மட்டுமே வரைபவர். யாராவது படுத்துக் காட்டாமல் அவருக்குப் பிணம் வராது. நான் கீழ்வீட்டில் எழுதுகிறேன் என்று சொல்லிக்கொண்டு சும்மா இருப்பவன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பீரங்கிப் புகை வானத்தை மூடிய அந்தக் காலையில், வீரர்கள்...’

வேண்டாம். நான் பீரங்கியைப் பார்த்ததே இல்லை. அவரும்தான்.

நான் பார்த்தது சுவரை அடைத்து நிற்கும் ஒரு படம். ஒருவன் ஈட்டியை ஓங்குகிறான், ஒருவன் கீழே கிடக்கிறான். இருவருக்கும் ஓவியருடைய மகனின் முகம். சின்ன வயதிலிருந்தே அவனைத்தான் இரண்டு படைக்கும் நிற்கவைத்து வரைவார். தாடி ஒட்டினால் எதிரி. இப்போது அவன் நிஜமாகவே ராணுவத்தில் சேர்ந்து எல்லையில் இருக்கிறான்.

3

அவன் அம்மா படத்தைப் பார்த்தார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

“அவன எழுப்புங்க.”

“படம்தானே, விடேன்,” என்றார் ஓவியர்.

“படம்தான். அதனாலதான் சொல்றேன். அங்க போயா எழுப்ப முடியும்?”

“முகத்தத் திருப்பிப் போட்டுடவா?”

“முதுகப் பாத்தா எனக்குத் தெரியாதா?”

[இங்கே அக்காவை அழவைக்கலாமா என்று யோசித்தேன். நிஜத்தில் அடுப்பில் பால் இருக்கிறது என்று போய்விட்டார். எனக்கு அவர் பிடிபடவே இல்லை.]

ஆகவே அவனுக்குப் பதிலாக என்னைப் படுக்கச் சொன்னார்கள். பாதி முடிந்தபோது என் மனைவி மாடியேறி வந்து பார்த்தாள். “எழுந்திரிங்க,” என்றாள். எழுந்துவிட்டேன். இப்போது பிணத்துக்குப் பாதி முகம் என்னுடையது, பாதி அவனுடையது. படம் ராணுவ அருங்காட்சியகத்துக்கு நாளை போக வேண்டும்.

4

முடிவு அ: ஓவியர் கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தையே போடுகிறார். (எழுதிப் பார்த்தேன். அக்கா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. என் கதையில் என் பேச்சுக்கு மரியாதை இல்லை.)

முடிவு ஆ: கீழே யாருமே இல்லை. அப்படியானால் ஈட்டி வெறும் தரையை...

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. ஈட்டியை ஓங்கி நிற்கும் மகனைப் பற்றி அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமா? தெரியவில்லை.

ஓவியர் தூரிகையோடு காத்திருக்கிறார். கீழே படுக்க உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள். படுப்பவருடைய அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.