மூன்றாவது படிக் கேள்வி

பெரகலைக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கம்சலா டீச்சரின் வேலை நிரந்தரமாகுமா ஆகாதா என்பது அன்றைய ஒரு பாடத்தில் தங்கியிருந்தது. பதுளையிலிருந்து வந்த ஆசிரிய ஆலோசகர் இராசையா பின் வரிசை வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகளை மூன்று படியாக யோசிக்க வைக்கும் கேள்விகள் வேண்டுமாம். முதல் படி தெரிந்ததைச் சொல்வது. இரண்டாவது, விளக்குவது. மூன்றாவது, இல்லாத ஒன்றை நினைத்துப் பார்த்துச் சொல்வது.

பாடம் தண்ணீர். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதல் படிக் கேள்வியைக் கேட்டாள் கம்சலா. மழையிலிருந்து என்பார்கள், அடுத்ததுக்குப் போய்விடலாம் என்று நினைத்திருந்தாள்.

ரிஷி மேல் லயத்து வீடுகள் பக்கமிருந்து என்றான். இன்னொருத்தன் தண்ணீர்த் தாங்கியிலிருந்து என்றான். மழையிலிருந்துதான் என்று ஒருவன் சொல்ல, தனுஜா விடவில்லை.

"அப்ப மழையில்லாத மாசமும் ஏன் டீச்சர் வருது?"

மலைக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கிறது என்றது ஒரு கட்சி. அப்படியென்றால் மேட்டில் மரம் வெட்டிய பிறகு ஏன் குறைந்தது என்றது மறு கட்சி. வகுப்பே இரண்டாகி நின்றது. இரண்டாவது கேள்விக்கு இடமே இல்லை. கம்சலா அவசரமாக மூன்றாவதுக்குத் தாவினாள்.

"குழாய்ல ஒருநாள் தண்ணி வரலன்னா என்ன செய்வீங்க?"

"ஊத்துப் பீலிக்குப் போவோம் டீச்சர்," என்று வாய்ப்பாடு மாதிரி எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்க என்ன இருக்கு டீச்சர்? நேத்தும் அங்கதான புடிச்சோம்," என்றான் ரிஷி.

கம்சலா பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டுப் பின்னால் போனாள். இராசையா மதிப்பீட்டுத் தாளில் பென்சிலால் எதையோ எழுதி, அழித்து, மறுபடியும் எழுதிக்கொண்டிருந்தார்.

"மொதக் கேள்வி எந்தப் படி டீச்சர்?"

"ஒண்ணுன்னுதாங்க சேர் எழுதினேன்."

"பிள்ளைங்க மூணுல போய் நின்னாங்களே. அப்ப மூணாவது?"

"அது... ஒண்ணாயிருச்சுங்க."

"யாரு எழுதின கேள்வி இது?"

சொல்லலாமா என்று தயங்கினாள். பிறகு சொன்னாள். "பயிற்சியில நீங்க குடுத்த மாதிரிக் கேள்விங்க சேர்."

இராசையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டவுன் வகுப்பில் அது நன்றாகத்தான் போனது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, இங்கே மூன்றாவது படிக்கு என்னதான் கேட்பது என்று அவளிடமே கேட்டார்.

அவள் வாயில் வந்ததை வகுப்பைப் பார்த்துக் கேட்டுவிட்டாள்.

"குழாய்ல தினமும் தண்ணி வந்தா என்ன செய்வீங்க?"

வரைந்துகொண்டிருந்த கைகள் நின்றன. யாரும் கை தூக்கவில்லை. இராசையா தாளில் மூன்று படிகளுக்குமான கட்டங்களை வெறுமையாக விட்டு, நிரந்தரமாக்கலாம் என்ற வரியின் கீழே கையெழுத்துப் போட்டார்.

தனுஜா மட்டும் மெதுவாக எழுந்தாள்.

"தினமுமா டீச்சர்?"